எங்களுக்கு ஆளைத் தெரியும்

2025 ஜூலை 7, திங்கள்

மழை விட்டபாடில்லை. துவைத்தது ஒன்றும் காயவில்லை, நாளைக்கு ஈரப் புடவையோடுதான் பள்ளிக்கூடம். நெட்காரன் வந்து பெட்டியை மாற்றிவிட்டுப் போனான். ஒரே ஒரு ஆளுக்கு எதற்குடா இவ்வளவு வேகம் என்று கேட்டால், "பிக்சர் தேக்கோ ஆன்ட்டி, டைம் பாஸ்" என்கிறான், படம் பார்க்கணுமாம்.

சாயங்காலம் கச்சால் தீவில் இருந்து ஜெயமணி போன் பண்ணினாள். லைன் விட்டு விட்டு வந்தது. அங்கே ஒரு டிரஸ்ட் நடத்துகிற பிள்ளைகள் விடுதியில் வார்டன் வேலை காலியாம். முன்னால் பார்த்த வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஒளிக்காமல் சொல்லிவிட்டாளாம். 2016இல் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாத்தம் ஜெட்டியில், போட் ஏறுகிற துறையில், ஒரு பையனை அவள் அறைந்ததை யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். ஒரு வாரத்தில் அவளை அனுப்பிவிட்டார்கள்.

டிரஸ்ட்காரர்கள் அந்த வீடியோவைத் தாங்களே முழுதாகப் பார்க்க வேண்டுமாம். வெட்டி ஒட்டின ஃபைல் எல்லாம் வேண்டாம், லிங்க் கொடு என்றிருக்கிறார்கள்.

"இங்க நெட்டுல வீடியோ எல்லாம் ஓடாதுக்கா. இன்னிக்கு வரைக்கும் நானே அத முழுசா பாத்ததில்ல. அந்தப் புள்ளய நான் இழுத்தது அதுல விழுந்திருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்."

பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

பார்க்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்த இருந்தது. அது மட்டும்தான் காரணமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஜூலை 9, புதன்

பார்த்தேன்.

தேடின உடனே வந்தது. "பச்சைப் பிள்ளையை அடிக்கும் டீச்சர், சாத்தம் ஜெட்டி." ஆறு நிமிடம் நாற்பது விநாடி. முதல் பன்னிரண்டு விநாடியில் அந்த அறை. அதைத் தனியாக வெட்டி முன்னால் ஒட்டியிருக்கிறான், ஆட்களை இழுக்க. அது முடிந்ததும், நடந்தது முழுக்க முதலில் இருந்து அப்படியே ஓடுகிறது.

நாலு நிமிடம் பத்தாவது விநாடி. பம்பூஃபிளாட் போட் ஜெட்டியை நெருங்குகிறது. பையனின் செருப்பு ஒன்று ஜெட்டிக்கும் போட்டுக்கும் நடுவில் விழுகிறது. அவன் குப்புறப் படுத்துக் கையை விடுகிறான், தலையும் சேர்ந்து உள்ளே போகிறது. போட் ஆடிக்கொண்டு வந்து ஜெட்டி ஓரத்து டயரில் மோதப் போகிறது. ஜெயமணி பையை வீசிவிட்டு ஓடி வந்து சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. போட் மோதுகிற சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த அறை. அறைந்த கையோடு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

மூன்று தரம் பார்த்தேன்.

ஒன்பது வருஷத்தில் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அன்றைக்கு இங்கே போர்ட் பிளேரில் நெட் என்றால் சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டம்தான். பன்னிரண்டு விநாடி ஓடும், நின்றுவிடும். கமெண்ட் மட்டும் வந்துவிடும், வெறும் எழுத்துதானே. அதைப் படித்துவிட்டு நாங்கள் எல்லாரும் "வீடியோ பார்த்தோம்" என்று சொல்லிக்கொண்டோம். கடலுக்கடியில் நெட் கேபிள் வந்த பிறகு அந்தப் பழைய வீடியோவை யார் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்?

அப்புறம் கீழே போனேன். எல்லாவற்றுக்கும் மேலே, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் லைக் போட்டு:

"இவளை எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளிடம் எப்போதும் இப்படித்தான். வெளியில் சிரிப்பு, உள்ளே விஷம். இப்படிப்பட்டவளை வேலையில் வைத்திருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வெட்கமில்லையா?"

மெயின்லாண்டில் இருந்து சிவஞானம் என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். "முழுசா பாருங்க. 4:10ல் இருந்து பாருங்க. அந்தம்மா பிள்ளையைக் காப்பாத்துறாங்க." அதற்குப் பதில்: "உங்களுக்கு நெட் இருக்கிறது, பேசுகிறீர்கள். எங்களுக்கு ஆளைத் தெரியும்."

இரண்டுக்கும் பக்கத்தில் என் வீட்டுக்காரர் படம். ஸ்கூட்டர் மேல் சாய்ந்துகொண்டு, கூலிங்கிளாஸ் போட்டு. கீழே பன்னீர்செல்வம் என்று பெயர். வீட்டில் அப்போது இருந்த ஒரே பெரிய போன் அவருடையது.

எழுதியது நான்.

ஜூலை 10, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, சனி

கோயம்புத்தூரில் இருக்கிற பாலகுமாருக்குப் போன் பண்ணி, அப்பா அக்கவுண்டில் போட்ட கமெண்டை எப்படி அழிப்பது என்று கேட்டேன். அந்த நம்பருக்கு ஓடிபி வரும்மா என்றான். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது, நம்பரை அப்போதே கொடுத்துவிட்டோம். இப்போது யார் கையில் இருக்கிறதோ.

"என்ன கமெண்ட்மா?"

"சும்மாடா. ஏதோ பாட்டுக்குப் போட்டது."

பெற்ற பிள்ளையிடம் வாய் கூசாமல் பொய் வருகிறது. அழிக்கவும் முடியாது. லிங்க் கொடுத்தால் ஜெயமணி அதைப் பார்ப்பாள். கொடுக்காவிட்டால் வேலை போகும். இரண்டில் ஒன்று. அவளுக்கு நாற்பத்தாறு வயது, புருஷன் இல்லை, அண்ணன் வீட்டில் ஒரு மூலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் யோசிக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

அவள் மறுபடி போன் பண்ணினாள். கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "இந்த மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும்கா" என்றாள். அந்தக் குரலில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஆமாம், எரிச்சல்தான். இவளுக்கு உலகத்தில் வேறு ஆளா இல்லை?

ஜூலை 18, வெள்ளி

ஸ்டாஃப் ரூமில் தமிழரசியிடம் பேச்சு வாக்கில் எடுத்தேன். ஜெயமணி காலத்தில் இருந்தே கூட வேலை பார்ப்பவள், கராச்சர்மாவில் வீடு. "அந்தக் காலத்துல எதத்தான் முழுசா பாத்தோம் டீச்சர்? எல்லாரும் எழுதுனாங்க, நானும் 'ச்சீ'ன்னு போட்டேன்" என்று சிரித்தாள்.

அவள் போட்டது ஒரு ச்சீ. நான் போட்டது சாட்சி. அன்றைக்கு மேனேஜர் என் கமெண்டைத்தான், போட்டவர் பெயர் இல்லாமல் எழுத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்து, "தெரிஞ்சவங்களே சொல்றாங்களேம்மா" என்று ஜெயமணியிடம் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன்.

ஏன் எழுதினாய் மங்கையர்க்கரசி? எழுது. உன் நோட்டில்கூட எழுத மாட்டாயா?

என் வீட்டுக்காரருக்குச் சாத்தம் மர மில்லில் வேலை. ஜெயமணிக்கு அக்கரையில் பம்பூஃபிளாட்டில் வீடு, தினம் சாயங்காலம் அந்த ஜெட்டியில் இருந்துதான் போட். ஒருநாள் இவருக்கு மருந்து கொடுக்கப் போனேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்து அவள் கையில் இருந்த எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் அதைப் பைக்குள் போட்டாள். இவர் "குச் நஹி, குச் நஹி" என்றார். ஒன்றுமில்லையாம். என்னிடம் இவர் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வயிறு எரிந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன்? மூன்று வாரம் கழித்து அந்த வீடியோ வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

லிங்க் அனுப்பிவிட்டேன்.

அனுப்பிவிட்டு நானே கூப்பிட்டேன். முழுக்க விழுந்திருக்கிறது ஜெயமணி, தெளிவாக இருக்கிறது, உனக்கு வேலை நிச்சயம் என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அதையும் சொன்னேன். "கீழே கமெண்ட் எல்லாம் அசிங்கமா இருக்கும், படிக்காத. இவர் பேர்லயும் ஒண்ணு இருக்கு. ஏன் எழுதினார்னு எனக்கே தெரியல. மனசுல வெச்சுக்காத."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சரிக்கா."

செத்துப்போன மனுஷன். அவருக்கு இனிமேல் என்ன நஷ்டம்? இப்படி எழுதி வைத்தால் நியாயம் மாதிரி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஜெயமணி வந்தாள்.

நேற்றுக் கப்பலில் வந்திருக்கிறாள். தமிழரசி வீட்டில் தங்கியிருக்கிறாள். எப்போதும் என் வீட்டுக்குத்தான் வருவாள். கேட்டில் குடையை மடக்கிக்கொண்டே, "நாளைக்குப் பத்து மணிக்கு இங்க டிரஸ்ட் ஆபீஸ்ல இன்டர்வியூக்கா" என்றாள். ஆள் பாதியாகிவிட்டாள். டீ போட்டேன். தொடவில்லை.

"தமிழரசி வீட்டு நெட்ல முழுசா பாத்தேன். எம்புட்டு நல்லா விழுந்திருக்கு. நானே பயந்துட்டேன், அந்தப் போட்டு வர்றத பாத்து." கொஞ்சம் சிரித்தாள். "கமெண்டும் படிச்சேன்."

"நான்தான் படிக்காதன்னேனே."

"பன்னீர்செல்வம் அண்ணனுக்குத் தமிழ் எழுதத் தெரியாதேக்கா."

உண்மைதான். இங்கேயே பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவர். பேசுவார், ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அது எங்கள் வீட்டுக்குள் இருந்த விஷயம், மானக்கேடு என்று வெளியே யாரிடமும் சொல்ல மாட்டார். இவளுக்கு எப்படித் தெரியும்?

அவளே சொன்னாள். "சாத்தம் ஜெட்டில போட் வர்ற வரைக்கும் தினம் பத்து நிமிஷம் எங்கிட்டப் படிச்சாரு. பழைய டிக்கெட்டுப் பின்னால எழுதிக் காட்டுவேன். 'உ' போடச் சொன்னா வாத்து மாதிரி போடுவாரு, ரெண்டு பேரும் சிரிப்போம். ஒங்களுக்குத் தெரிய வேணாம்னாரு. விருந்தாளிங்க முன்னாடி கல்யாணப் பத்திரிகையக் குடுத்து, படிங்க பாப்போம்னு சிரிச்சீங்களாமே. 'அவ தமிழச்சி, எல்லாம் தெரிஞ்சவ, நான் படிச்சுட்டு ஒருநாள் அவளுக்கே லெட்டர் போடுவேன்'னாரு. க, ங, ச வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள என்னைய அனுப்பிட்டாங்க."

டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"நான் திட்ட வரலக்கா. நாளைக்கு அந்தக் கமெண்டக் காட்டி, யாரு இது, ஒங்களத் தெரிஞ்சவரானு கேப்பாங்க. அன்னிக்கு மேனேஜர் கேட்டாருல்ல, அதே மாதிரி. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. பாக்காம எழுதிட்டேன்னு. அது போதும்."

"வர்றேன்" என்றேன்.

"நெசமாவா?"

"வர்றேன்டி."

டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. அவள் போன பிறகு கொட்டினேன்.

ஜூலை 30, புதன்

லீவு போட்டேன். குளித்தேன். நல்ல புடவையாக எடுத்துக் கட்டினேன். ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. ஏறவில்லை. ரிடையர் ஆக மூன்று வருஷம் இருக்கிறது, டிரஸ்டில் இருக்கிற ஒரு அம்மாவின் பேரன் என் வகுப்பில் படிக்கிறான், நாளைக்கே பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். இதெல்லாம் அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். அடுத்த பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் "சல்னா ஹை க்யா?" என்று கேட்டான். வரவில்லை என்று தலையாட்டினேன்.

பத்தரைக்கு அவள் நம்பரில் இருந்து ஒரு மிஸ்டு கால். ஒன்றே ஒன்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என் பெயரில் புதிதாக ஒரு அக்கவுண்ட் திறந்து அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். "பன்னீர்செல்வம் என்ற பெயரில் மேலே இருப்பதை எழுதியது அவர் மனைவியாகிய நான். வீடியோவைப் பார்க்காமல் எழுதினேன். அந்த டீச்சர் பிள்ளையைக் காப்பாற்றினார்." போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் படிக்கவில்லை. படிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? பயமில்லாத இடத்தில் வந்து உண்மையைச் சொல்கிறேன். தூ.

ஜெயமணிக்கு நாலு தரம் போன் போட்டேன். ரிங் போகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில் அடித்தது. நேற்று வரை சேர்ந்த துணியெல்லாம் காய்ந்தது.

மத்தியானச் சாப்பாட்டின்போது தமிழரசி சொன்னாள், ஜெயமணி வேலையில் சேர்ந்துவிட்டாளாம். இன்டர்வியூ அன்றைக்கு இவள்தான் துணைக்குப் போயிருக்கிறாள். நாலு நிமிடம் பத்து விநாடி வந்ததும் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அப்புறம் கமெண்டைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள், ஒங்களைத் தெரியும்னு எழுதியிருக்காரே, யாரும்மா இது என்று.

ஜெயமணி கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அப்புறம், "எனக்கு வேண்டியவங்கதான் சார். எழுதுனவங்க செத்துட்டாங்க" என்றாளாம்.

"பாவம், உங்க வீட்டுக்காரர். ஏந்தான் அப்படி எழுதினாரோ" என்றாள் தமிழரசி, டப்பாவை மூடிக்கொண்டே.

ஆமாம் என்றேன்.