அவன் திடுக்கிட்டவனோ?

எங்கள் ஆய்வுகூடத்தைக் கொள்ளுப்பிட்டிக்கு மாற்றுகிறார்கள். அலுமாரிகளை ஒழிக்கும் வேலை வழக்கம்போல் என் தலையில் விழுந்தது. நேற்றுப் பின்னேரம், அடித்தட்டில் கிடந்த ஒரு மரப்பெட்டிக்குள், உமது கழுத்தில் வீங்கியிருந்த நெறிக்கட்டியிலிருந்து எடுத்த சிலைட்டைக் கண்டேன். சின்னக் கண்ணாடித் துண்டு, என் கையெழுத்தில் திகதி மட்டும். நான் ஊற்றிய ஊதாச் சாயம் கொஞ்சமும் மங்கவில்லை. உம்மைக் கனத்தை மயானத்தில் எரித்து ஆறு வருடமாகிறது. உம்மைக் கொன்ற புற்றுநோய்க் கலங்களோ ஒரு குறையுமில்லாமல் அப்படியே இருக்கின்றன. எனக்குப் பொல்லாத ஆத்திரம் வந்தது.

குப்பையில் போட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவும் பயம். பெயரில்லாத கண்ணாடியும் காய்ந்த இரத்தமுமாகப் போகும் தமிழச்சியை எந்தச் சோதனைச் சாவடியில் சும்மா விடுவார்கள்? பெட்டியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு உமக்கு, என் செத்துப்போன சிநேகிதிக்கு, இதை எழுத உட்கார்ந்தேன்.

நீர் குழந்தை வைத்தியர், நான் இரத்தம் பார்ப்பவள். நீர் வெள்ளவத்தை, நான் கொட்டாஞ்சேனை. அந்த ஆய்வு இல்லாவிட்டால் நாங்கள் ஒருவரையொருவர் கண்டிருக்கவே மாட்டோம். வயிற்றில் பிள்ளையோடு புற்றுநோயும் வந்துவிட்ட தாய்மார்; அவர்களுடைய குழந்தைகளுக்கு நோயை எதிர்க்கும் சக்தி எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. பிறந்தவுடன் குழந்தையை நீர் சோதிப்பீர். தொப்புள்கொடி இரத்தத்தை நான் கொண்டுபோய், அதிலுள்ள வெண்குருதிக் கலங்களைச் சீண்டிப் பார்ப்பேன், அவை எழும்புகின்றனவா உறங்குகின்றனவா என்று. ஐஸில் வைத்தால் கலங்கள் கெட்டுவிடும். ஆகவே குழாய்களைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரீவீலரில் போவேன். சாவடியில் துப்பாக்கிக்காரன் குனிந்து, "மே மொனவாத?" என்று சிங்களத்தில் கேட்பான், இதெல்லாம் என்ன என்று. "லே, மாத்தயா," என்பேன். இரத்தம் என்றதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். தெருவில் கிடக்கும் இரத்தத்துக்குப் பழகியவர்களுக்குக் குழாய்க்குள் இருப்பதைக் கண்டால் ஏனோ கூச்சம்.

ஒருநாள் ஒரு தாய்க்கு விளங்கப்படுத்துகிறேன் என்று போய் நான் மாட்டிக்கொண்டதை நீர் சாகும்வரை விடவில்லை. "வெண்குருதிக் கலம் எண்டால், உடம்புக்குள்ள காவல் நிக்கிற ஆமிக்காரர் மாதிரி அம்மா," என்று சொல்லிவிட்டேன். அந்த மனுசியின் முகம் வெளுத்துவிட்டது. "உள்ளுக்குமோ மிஸ்ஸி?" என்று கேட்டாள். நீர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினீர். பிறகு வந்து அவளுடைய கட்டிலில் உட்கார்ந்து, "இல்லையம்மா, அவையள் வீடு கூட்டித் துடைக்கிற ஆக்கள்," என்றீர். அன்றிலிருந்து எங்கள் ஆய்வில் எல்லாத் தாய்மாருக்கும் அதே விளக்கம்தான்.

நீர் குழந்தையைச் சோதிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். நிறம், மூச்சு, நாடி எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் தலையைக் கையில் ஏந்திச் சற்றே தாழ விடுவீர். விழுகிறோம் என்று குழந்தை திடுக்கிட்டு இரண்டு கைகளையும் அகல விரிக்கும். பிறகு எதையோ கட்டிப்பிடிப்பதுபோல் சேர்த்துக்கொள்ளும். பெரிய சத்தம் கேட்டாலும் அப்படித்தான் செய்யும். மூளையும் நரம்பும் சரியாக இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. பிள்ளை பயந்துவிட்டது என்று தாய்மார் பதறுவார்கள். "பயப்பிடட்டும். திடுக்கிடாத பிள்ளையைக் கண்டால்தான் நான் திடுக்கிடுறனான்," என்பீர். சில மாதத்தில் அது தானாக மறைந்துவிடும், மறையாவிட்டால்தான் ஏதோ வருத்தம், நோய் என்றும் சொல்வீர்.

பிறகு உமக்கே பிள்ளை தங்கியது. நாற்பதை நெருங்கும்போது, எல்லாரும் கேட்டுக் களைத்துவிட்ட பிறகு. ஆறாம் மாதம் ஒரு சிலைட்டோடு வந்தீர். "ஒரு அம்மாவின்ர. ஒருக்காப் பாரும்," என்றீர். சாயம் ஊற்றி நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"இது கூடாத வருத்தமப்பா, புற்றுநோய். ஆர் இந்த மனுசி? பாவம்."

நீர் சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினீர். காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் நெறி. "பாவம்தான்," என்றீர்.

உடனே மருந்து தொடங்க வேண்டும் என்றார் புற்றுநோய் வைத்தியர். நல்ல மனிதர், சிங்களவர், உம்மைத் தன் தங்கைபோல் நடத்தியவர். நீர் மறுத்தீர். இந்த மாதத்தில் மருந்து எடுத்தால் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்று எத்தனை தாய்மாருக்கு நீரே சொல்லியிருக்கிறீர்! நான் அதைச் சொல்லிச் சண்டை பிடித்தேன். "ஊருக்குத்தான் உபதேசம்," என்று சிரித்தீர். "பெரும்பாலும் எண்டு சொல்லேக்க அந்தச் சொல்லு இவ்வளவு பெரிசு எண்டு எனக்குத் தெரியேல்ல." எனக்கு உம்மேல் கோபம். இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

நெஞ்சுக்குள்ளும் நெறிகள் வளர்ந்து மூச்சை நெரிக்கத் தொடங்கிய பிறகுதான் இணங்கினீர். ஒரே ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். அது நன்றாக வேலை செய்யுமுன் பிரசவ வலி எடுத்துவிட்டது. அன்று விடிய வெள்ளவத்தையில் ஆமிச் சுற்றிவளைப்பு. உமது கணவரைப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவரை விட்டதும் பிள்ளை பிறந்ததும் ஏறக்குறைய ஒரே நேரம்.

மாதம் முந்திப் பிறந்த பையன். கொடியிரத்தத்தை நான்தான் பார்த்தேன். வெண்குருதிக் கலங்கள் அரிதாகவே தென்பட்டன. இருந்த சிலவும் சீண்டச் சீண்ட அசையவில்லை. தாய்க்கு ஏற்றிய மருந்து பிள்ளைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு சளித் தடிமன் பிடித்தாலே போதும், போய்விடுவான். உமக்கோ காய்ச்சல். உம்மை அவனுக்குக் கிட்டவும் விடவில்லை. இரத்தத்தைவிட மோசமான செய்தி மறுநாள் வந்தது. குழந்தைகள் பிரிவுச் சின்ன டொக்டர் தலையைத் தாழவிட்டுப் பார்த்தபோது பிள்ளையின் கைகள் விரியவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. துணிபோல் கிடந்தான். உம்மிடம் மறைக்க முடியுமா? முகங்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர். "மருந்து எடுத்திருக்கக் கூடாது," என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அழவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, அவன் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுப்பதற்காகக் குழந்தைகள் பிரிவில் நின்றேன். வரிசையாகத் தொட்டில்கள். அப்போதுதான் அந்தச் சத்தம். கோட்டைப் பக்கம் குண்டு. தரை ஒருமுறை தூக்கிப் போட்டது, கண்ணாடிகள் கிலுகிலுத்தன. தாதி மிஸ்ஸிமார் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தன் கணவனின் பெயரைச் சொல்லிக் கத்தினாள், அவன் அந்தப் பக்கம்தான் வேலை. தொட்டில்களில் அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் கைகளை அகல விரித்தன. அத்தனையும்.

உமது மகனைத் தவிர.

நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றப் பிள்ளைகள் கைகளைச் சேர்த்துக்கொண்டு வீரிட்டு அழத் தொடங்கிவிட்டன. பிறகு, மெல்ல, யாரோ சொல்லித்தான் தெரிந்தவன்போல், அவனுடைய இரண்டு கைகளும் எழும்பின. விரல்கள் விரிந்தன. முகத்தைச் சுளித்துக்கொண்டு பூனைக்குட்டிபோல் கத்தினான். வெளியே மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒருத்தி கணவனை நினைத்து அலறிக்கொண்டிருந்தாள். நான் சந்தோஷப்பட்டேன். அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மாடிப்படி ஏறி உம்மிடம் ஓடி வந்தேன். நீர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தீர். குண்டு எங்கே, எத்தனை பேர் என்றெல்லாம் கேட்கவில்லை.

"அவன் திடுக்கிட்டவனோ?"

"ஓம். கொஞ்சம் பிந்தித்தான். ஆனா ரெண்டு கையும். நான் என்ர கண்ணால கண்டனான்."

அப்போதுதான் அழுதீர். அழுது முடித்துவிட்டு, "அப்ப தப்பிடுவான்," என்றீர். "இஞ்ச பயப்பிடத் தெரிஞ்சால் போதும்."

அவனுடைய கலங்கள் பிறகு ஒவ்வொன்றாக எழும்பின. உம்முடைய புற்றுக் கலங்கள் பெருகுவது நிற்கவில்லை. பிந்தித் தொடங்கிய மருந்து உம்மைப் பிடித்துவைக்கப் போதவில்லை. கடைசியில் ஒரு பின்னேரம் பிள்ளையைக் கொண்டுவந்து உமது கையில் தந்தார்கள். நாடி பார்ப்பீர், தலையைத் தாழவிட்டுப் பார்ப்பீர் என்று நினைத்தேன். நீர் ஒன்றையும் சோதிக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தீர்.

யுத்தம் முடியவில்லை. அது உமக்குத் தெரிய வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன். உமது மகன் வெள்ளவத்தையில் தகப்பனோடு இருக்கிறான். உமது நெற்றி, உமது பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். போன ஞாயிறும் போனேன். மேசையில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காலி வீதியில் எங்கோ தள்ளி வெடித்தது. யன்னல்கள் அதிர்ந்தன. என் கையிலிருந்த தேத்தண்ணி மடியில் கொட்டிவிட்டது. நான் அவனுடைய கைகளைத்தான் பார்த்தேன். ஒரு கை சொதியை இடியப்பத்தோடு குழைத்துக்கொண்டிருந்தது. மற்றக் கை கிண்ணத்தைப் பிடித்திருந்தது. இரண்டும் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

"கிட்ட இல்லை அன்ரி. தூரத்தில," என்றான்.

"என்ர மகன் ஒண்டுக்கும் பயப்பிடான்," என்று தகப்பன் பெருமையாகச் சொன்னார். பிறந்த குழந்தையின் திடுக்கிடல் எப்போது மறைய வேண்டும் என்று நீர் சொல்லியிருக்கிறீர். வளர்ந்த பிள்ளையிடம் இது மறைந்தால் என்ன வருத்தம் என்று சொல்லவில்லை.

கோப்பையை வைக்கப் போய் மேசையிலும் கொட்டினேன். அவன் அதைக் கண்டுவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் கையின்மேல் தன் கையை வைத்தான்.

"பயப்பிடாதேங்கோ அன்ரி, பழகிடும்," என்றான்.

எனக்குப் பழகவில்லை. அவன் விட்டுவிட்ட பயத்தையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன்.