ஈரச் சுண்ணாம்பு காத்திருக்காது

வெனிஸ்,
1481 மே 9

என் வாயாடித் தங்கை டியானோராவுக்கு,

அண்ணன் லத்தான்சியோ எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், மூன்று வேளையும் மத்தி மீன் தின்கிறேன், அச்சுக்கூடத்தில் கிரேக்கப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். என்னைப் பற்றி அவ்வளவு போதும். முதலில் அம்மாவைப் பற்றி எழுது. கால் வீக்கம் வடிந்ததா? என்னைக் கேட்கிறாளா? கேட்டால் என்ன சொல்கிறாய்?

புளோரன்ஸை விட்டு ஓடிவந்து ஏழு வாரம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆளும் குடும்பத்தின் அதிகாரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று எட்டுப் பேர் சேர்ந்து மனுக் கொடுக்கக் கிளம்பினார்கள். "லத்தீன் நல்லா இருக்கணும், நீ எழுதிக் குடு" என்று என்னிடம் வந்தார்கள். பழைய ரோமாபுரியின் குடிமக்களைப் பற்றி இருபது வருடம் வகுப்பெடுத்தவன், சும்மா இருப்பேனா? எழுதிக் கொடுத்தேன். நடை அபாரம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அந்த நடையைப் படித்துத்தான் என்னை ஒன்பதாவது துரோகி என்று முடிவு கட்டினார்கள்.

இங்கே ஒரு பட்டு வியாபாரி சொன்னான், தப்பியோடிய ஒன்பது பேரையும் நீதி மாளிகைச் சுவரில் வரையப் போகிறார்களாம். ஒற்றைக் காலில் கயிறு கட்டி, தலைகீழாக. ஆள் கிடைக்காவிட்டால் படத்தையாவது தொங்கவிட்டுப் பார்க்கும் ஊர் அல்லவா நம்முடையது! வேலை யாருக்குக் கிடைத்தது? உன் வீட்டுக்காரருக்கு மட்டும் வேண்டாம், டியானோரா. வேறு எவன் வரைந்தாலும் அது நான்தான் என்று எனக்கே தெரியாது. நெரோச்சோ மாப்பிள்ளை வரைந்தால் என் கன்னத்து அம்மைத் தழும்பை எண்ணிவிடலாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஜூன் 24, புனித யோவான் திருநாளுக்கு வரலாம் என்றிருக்கிறேன். பதறாதே. நகர வாயில்களில் இப்போது நிற்பவர்கள் எல்லாம் வெளியூர்க் கூலிப் படை, அவர்களில் ஒருவனுக்கும் என் முகம் தெரியாது. ஒரு மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரே ஒரு மணி நேரம்.

அன்புடன்,
லத்தான்சியோ

---

புளோரன்ஸ்,
மே 18

என் நீள மூக்கு அண்ணாவுக்கு,

டியானோரா எழுதுவது. காகித வியாபாரி கெரார்தோ உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மாவு சலித்துக்கொண்டே படித்தேன், பாதியில் சல்லடையைக் கீழே போட்டுவிட்டேன்.

அம்மாவின் கால் வடியவில்லை. முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மருத்துவர் உதட்டைப் பிதுக்குகிறார். நீ வெனிஸில் பெரிய உத்தியோகத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். "உத்தியோகம் பாக்கறவன் ஒரு நாள் வேலைய விட்டுட்டு வரக்கூடாதா?" என்று தினமும் என்னைத்தான் திட்டுகிறாள்.

நீ பயந்தது நடந்துவிட்டது. வேலை இவருக்குத்தான். நகர சபைச் செயலர் பிந்தோ நேரே பட்டறைக்கு வந்து நின்றார்.

"துரோகியோட தங்கச்சி புருஷன், மாட்டேன்னு சொன்னா ஊரு என்ன நெனைக்கும், நெரோச்சோ?" என்று சிரித்தபடியே கேட்டார். பாவம் இவர், தலையை ஆட்டினார். அப்புறம் அந்த மனிதர் ஒரு உத்தரவு போட்டார். "இடது ஓரத்துலேர்ந்து ஆரம்பிங்க. லத்தான்சியோ வலது ஓரம், கடைசி. அவன் மூஞ்சிக்கு ஒண்ணும் அவசரமில்ல. திருநாள் முடிஞ்சு நிதானமா வரைஞ்சுக்கலாம்."

அவர் போனதும் இவர் தூரிகைகளை எல்லாம் தரையில் வீசினார். "எங்கப்பாவோட முக ஏடு இருந்திருந்தா அதுல ஏதோ ஒரு மூஞ்சியப் பாத்து ஒட்டிட்டு வந்திருப்பேன்டி! அதத்தான் உங்கண்ணன் விருந்துல வச்சு அடுப்புல போட்டாரே!" என்று கத்தினார்.

நினைவிருக்கிறதா? பன்னிரண்டு வருடம் ஆகிறது. மூன்று தலைமுறையாகப் பார்த்து வரைந்த முகங்கள். புனிதர் என்றால் இந்த முகம், சேவகன் என்றால் அந்த முகம் என்று அந்த ஏட்டில் இருந்தது. நீ ஒயினும் பேச்சுமாக எழுந்து நின்று, "ஒவ்வொரு மனுஷனுக்கும் ஆண்டவன் தனித்தனி மூஞ்சி குடுத்திருக்கான், எதிர்ல நிக்கறவனப் பாத்து வரை மாப்பிள்ளை!" என்று சொல்லி நெருப்பில் எறிந்தாய். எல்லாரும் கைதட்டினார்கள். இவர் ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் இவர் ஓவியர் ஆனார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உனக்கு எரிப்பதும் எடுப்பதும் சுலபம். பெண்ணுக்கும் படிப்பு வேண்டும் என்று சபையில் முழங்கினாய், என் கல்யாணத்தன்று என் லத்தீன் புத்தகங்களை உன் அலமாரிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். சரி, அது பழைய சண்டை. நீ வரவேண்டாம் அண்ணா. எனக்கு மனசு சரியில்லை.

உன்,
டியானோரா

---

வெனிஸ்,
மே 27

என் கோபக்காரிக்கு,

புத்தகங்களைத் திருப்பித் தருகிறேன், போதுமா? என் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறார்கள், உடைத்து எடுத்துக்கொள்!

முக ஏட்டை எரித்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நான் சொன்னது தப்பா? நம் ஊர்க் கோயில்களில் இன்றைக்குப் புனிதர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்றால், மனிதன் முகம் பார்க்கத் தகுந்தது என்று நாங்கள் நாலு பேர் தொண்டை கிழியக் கத்தியதால்தான். அந்தக் கத்தல் என் கழுத்துக்கே வரும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்.

ஆனால் நீ எழுதிய ஒரு செய்தியில் எனக்கு உயிர் வந்தது. நான் கடைசி! திருநாளுக்குப் பிறகு! பிந்தோவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம் போலிருக்கிறது. அன்றைக்கு நான் சுவரில் இருக்க மாட்டேன், ஊருக்குள் இருப்பேன். திட்டம் கேள். தச்சன் உடுப்பு, தோளில் பலகை, சான் கால்லோ வாயில், நடுப்பகல். திருநாள் குதிரைப் பந்தயத்துக்குப் பலகை அடிக்கப் போகும் கூட்டத்தோடு உள்ளே வந்துவிடுவேன்.

அம்மாவின் கால் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று எழுதிவிட்டு வரவேண்டாம் என்கிறாயே, உனக்கு நெஞ்சு இருக்கிறதா? அப்பா போனபோதும் நான் பதுவாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை அது முடியாது. ஒரே வார்த்தை எழுது: வா என்று.

லத்தான்சியோ

---

புளோரன்ஸ்,
ஜூன் 6

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை டியானோரா எழுதுவது. கடிதம் கிடைத்தது. அம்மா உங்களைப் பார்க்கக் காத்திருக்கிறாள். திருநாளுக்கு வாருங்கள். நீங்கள் எழுதிய வழியும் நேரமும் நல்லதுதான்.

சுவர் வேலை சொன்னபடி நடக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. எனக்குத்தான் இரண்டு நாளாகத் தலை கனக்கிறது, கண்ணெல்லாம் ரத்தமாகச் சிவந்திருக்கிறது. வேறு செய்தி இல்லை.

டியானோரா

---

பொலோனியா,
ஜூன் 17

டியானோரா,

உன் வீட்டுக்காரனிடம் இதைப் படித்துக் காட்டு. ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டு.

நீ வா என்று எழுதினாய், நான் கிளம்பினேன். நேற்று மதியம் பாதி வழியில், இங்கே ஒரு சத்திரத்தில் மொச்சைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே புளோரன்ஸிலிருந்து வந்த, குதிரைச் சேணம் தைப்பவன் ஒருவன். என்னையே பார்த்தான். தலையைச் சாய்த்து, கவிழ்த்து, மறுபடி பார்த்தான். அப்புறம் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா, எங்கூர்ச் சுவத்துல ஒருத்தன் தலைகீழாத் தொங்கறான், அச்சு அசல் நீங்களேதான்! அந்த மூக்கு, அந்தத் தழும்பு! நேர்ல பேசற மாதிரியே இருக்குங்க. வாசல்ல நிக்கற சிப்பாயிங்க எல்லாம் முறை வச்சு வந்து பாத்துட்டுப் போறாங்க."

"எத்தன பேர வரைஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரே ஒருத்தன்தான். வலது ஓரம். மத்த எடமெல்லாம் வெறும் செவுரு."

கடைசி ஆளை முதலில் வரைந்திருக்கிறான்! எட்டுப் பேரை விட்டுவிட்டு என்னை! என் கையால் சோறு தின்றவன், நான் கற்றுக்கொடுத்த கண்ணால் என்னைப் பார்த்து என் ஊர்க் கதவை எனக்கு அறைந்து சாத்தியிருக்கிறான். முக ஏட்டுக்குப் பழியா? பன்னிரண்டு வருடம் மனதில் வைத்திருந்தானா? அவன் விளங்குவானா?

நான் திரும்பிப் போகிறேன். அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதை நீயே சொல்லிக்கொள். உன் கைப்பிடித்தவன் யூதாஸ் என்பதையும் சேர்த்துச் சொல்.

லத்தான்சியோ

---

புளோரன்ஸ்,
ஜூலை 5

அண்ணா,

இந்தக் கடிதத்தை உன் குளிர்காலக் கோட்டின் உள்துணிக்குள் வைத்து நானே தைத்தேன். கெரார்தோவின் மூட்டையில் இனிக் காகிதம் எதுவும் வைக்க முடியாது. கோட்டைக் கொடுக்கும்போது "வலது பக்கம் பிரி" என்று வாயால் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா போய்விட்டாள். ஜூன் 28, காலையில். அழுதுவிட்டு மேலே படி. இல்லாவிட்டால் படித்துவிட்டு அழு.

மே 27 அன்று நீ எழுதிய கடிதம் என் கைக்கு வந்த மூன்றாம் நாள் பிந்தோ என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். "தச்சன் உடுப்பு, தோளில் பலகை, சான் கால்லோ வாயில், நடுப்பகல்" என்று உன் வாக்கியத்தைப் பாடம் மாதிரி ஒப்பித்தார். "உங்கண்ணன் எழுத்து ரொம்ப அழகும்மா. நாங்க எல்லாரும் ரசிச்சுப் படிக்கறோம்" என்றார். மூன்று நாள் கழித்து வருவதாகவும், அப்போது தன் முன்னாலேயே 'வா' என்று உனக்கு எழுதித் தரவேண்டும் என்றும், எழுதாவிட்டால் நெரோச்சோ சிறைக்குப் போவார் என்றும் சொன்னார். உன் முகத்தைக் கடைசியாக வைத்தது உனக்காக விரித்த வலை. காவலர்களுக்கு உன் முகம் தெரியவே வேண்டாம், உன் நேரமும் வாசலும் தெரிந்தால் போதும்.

வராதே என்று எந்தக் கடிதத்தில் எழுதுவேன்? எழுதினால் முதலில் படிப்பவர் அவர்தானே! உன் காதுக்கு என் குரல் எப்படிப் போகும் என்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கடிதம் ஒருவன் கையில் போகும், சுவர் எல்லார் வாயிலும் போகும்.

நான்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே. "எங்கண்ணன வரைங்க. மொதல்ல அவன வரைங்க. வெனிஸ் வரைக்கும் பேசற மாதிரி வரைங்க" என்றேன். அவரிடம் உன் பழைய படம் ஒன்று இருந்தது. ஆனால் தலைகீழாகத் தொங்கினால் கன்னம் எப்படி இறங்கும், கண் எப்படிப் பிதுங்கும் என்று தெரியவேண்டுமே. எதிரில் இருப்பதைப் பார்த்துத்தான் வரைவேன் என்பது நீ கொடுத்த புத்தி. இரண்டு நாள் கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் படுத்திருந்தேன். நம் இருவருக்கும் ஒரே எலும்புதானே.

கொத்தனாருக்கு ஒயின் வாங்கிக்கொடுத்து வலது ஓரத்தில் முதலில் பூச வைத்தார். பிந்தோ ஓடிவந்து குதித்தபோது, "கொத்தனார் ஓரம் மாத்திப் பூசிட்டான் ஐயா. ஈரச் சுண்ணாம்பு காத்திருக்காது, காயறதுக்குள்ள வரைஞ்சாகணும்" என்று பரமசாதுவாகச் சொன்னார். மற்ற எட்டுப் பேரை இப்போது வேறொருவன் வரைகிறான். இவருக்கு இனி இந்த ஊரில் சபை வேலை கிடையாது, கோயில்காரர்களும் ஒதுங்குகிறார்கள். உன் யூதாஸுக்குக் கிடைத்த வெள்ளிக்காசு அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். திருநாளன்று, ஊரெல்லாம் குதிரைப் பந்தயத்துக்குப் போன பிறகு, "எம்புள்ள சுவத்துல இருக்கானாமே, தூக்கிட்டுப் போ என்னை" என்றாள். நாற்காலியோடு நாங்கள் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனோம். தலைகீழாக வரைவதில் ஒன்று இருக்கிறது அண்ணா, முகம்தான் கீழே வரும், கைக்கு எட்டும். யாரோ சேற்றை வாரி அடித்திருந்தார்கள். அம்மா தலைத்துணி நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

காவலன் ஓடிவந்தான். "தொடக்கூடாதும்மா, சட்டம்."

"சட்டத்த நீ பாத்துக்க. எம்புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றாள். அவன் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

கன்னத்தைத் தடவினாள். "மெலிஞ்சிட்டான்" என்றாள். "தலை கீழ இருந்தா மூச்சு முட்டாதா அவனுக்கு?" என்று இவரைக் கேட்டாள். இவர் சுவர் பக்கம் திரும்பி அழுதார். பந்தயம் முடிந்து கூட்டம் திரும்பும்வரை அவள் உன் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். சரியாக ஒரு மணி நேரம்.

உன்னை அவளிடமிருந்து பிரித்தவள் நான். உயிரோடு வைத்திருப்பவளும் நான். இரண்டையும் ஒன்றாக மன்னிக்க முடியுமா என்று யோசித்து எழுது.

டியானோரா

---

வெனிஸ்,
நவம்பர் 2

டியானோராவுக்கு,

கோட்டு குளிருக்குப் போதுமானதாக இருக்கிறது. வலது பக்கம் பிரித்ததை நான் திரும்பத் தைக்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கெரார்தோ மூட்டையில் வைக்கவில்லை, சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறார்.

நான்கு மாதம் எழுதாமல் இருந்தேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. சில நாள் உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகிறது, சில நாள் உன் பெயரைக் கேட்டாலே உடம்பு எரிகிறது. மாப்பிள்ளையிடம் நான் அந்த யூதாஸ் என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்று சொல். இங்கே புத்தகங்களுக்கு ஓரச் சித்திரம் போட ஆள் தேடுகிறார்கள். வந்தால் என் அறையில் இன்னொரு கட்டில் போடலாம்.

இன்னொரு செய்தி. மனுவில் இருந்த பெரிய மனிதர்கள் சமாதானம் பேசுகிறார்களாம். அடுத்த வருடம் எல்லாருக்கும் மன்னிப்புக் கிடைக்கலாம் என்கிறார்கள். மன்னிப்புக் கிடைத்தால் முதல் வேலையாகச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், அதுதான் வழக்கம். மற்ற எட்டையும் அடித்துக்கொள்ளட்டும். என்னுடையதைத் தொடவேண்டாம் என்று விண்ணப்பம் கொடு. லத்தீனில் நீயே எழுது, உன் நடை போதும்.

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். நான் வந்து அதன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

உன் அண்ணன்,
லத்தான்சியோ