பெயின்ட்டுக்கு அடியில் ஒரு போல்ட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மருமகனும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே, எழுதப் படிக்கக் கற்க ஏழு மாதம் மாலை வகுப்புக்குப் போனதற்கு இது என் முதல் கடிதம். காலையில் உட்கார்ந்தவன், அம்மா இரண்டாம் முறை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. செய்தி அப்படி. ஸ்கூட்டர் சரியாகிவிட்டது, கோளாறைக் கண்டுபிடித்தது நான்.

உன் தையல்கார மாமாவிடம் அந்தப் பழைய வண்டியை வாங்கியதும் அப்படியே ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வருடம் கதவுக்கும் கேட்டுக்கும் பெயின்ட் அடித்த கை அல்லவா, பாகம் பாகமாகக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மூலை முடுக்கு விடாமல் மூன்று கோட் நீலம் அடித்து மாட்டினேன். ஒரே வாரத்தில் பேட்டரி படுத்துவிட்டது. ஹார்னை அமுக்கினால் ஜலதோஷம் பிடித்த பூனை மாதிரி ஒரு சத்தம். புது பேட்டரி போட்டேன், அதுவும் நான்காம் நாள் படுத்தது. கோபம் தலைக்கேறி மாமா கடைக்கே போய், துணி தைக்க வந்தவர்கள் முன்னால், சொந்த அக்கா வீட்டுக்கே ஓட்டை வண்டியைத் தள்ளிவிட்டாயே என்று கத்திவிட்டேன். அதன்பிறகு அவன் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவனோடு பேசாதே என்று உனக்கும் போனில் உத்தரவு போட்டேன். இரண்டு மாதமாக அம்மா என்னிடம் அளந்துதான் பேசினாள்.

போன வாரம் சீட்டுக்கு அடியில் கிடந்த வண்டிப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். மாடி வீட்டு எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வாங்கிவந்தேன். அம்மா ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடிக்க, நான் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பதினான்கு வோல்ட்டுக்கு ஏற வேண்டும் என்கிறது புத்தகம். மீட்டர் பன்னிரண்டிலேயே உட்கார்ந்திருந்தது. அப்படியானால் பேட்டரி கெடவில்லை, அதற்குச் சார்ஜ் போகவில்லை. அடுத்த பக்கத்தில் சொன்னபடி, கரண்ட் உண்டாக்கும் காயிலின் மூன்று மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாகப் பார்த்தேன், மூன்றும் ஒரே அளவு. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாயில்தான் வரவில்லை. மீதி இருந்தது ரெகுலேட்டர், காயிலிலிருந்து வரும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. அதன் எர்த் ஒயர் பெயின்ட் இல்லாத இரும்பில் பதிய வேண்டும், நடுவில் பெயின்ட் இருந்தால் கரண்ட் ஓடாது என்று ஒரு வரி. அதை மூன்று முறை படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன் போலிருக்கிறது, அம்மா ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, "நீங்கதான் மூலை முடுக்கு விடாம அடிச்சீங்களே" என்றாள்.

அந்த ஒயரின் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே என் நீலம், மூன்று கோட், பளபளவென்று. இவ்வளவு நேர்த்தியான வேலையைப் பார்த்து நான் வெட்கப்பட்டது இதுதான் முதல் தடவை. சுரண்டி எடுத்துவிட்டுப் போல்ட்டை முடுக்கி, வண்டியைக் கிளப்பினேன். மீட்டர் பதினான்கைத் தாண்டியதும் அம்மா கை தட்டினாள்.

அந்தக் கையோடு மாமா கடைக்குப் போனேன். கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள், அதுவும் நல்லதுதான், கத்தியதும் ஆட்கள் முன்னால்தானே. "மச்சான், கோளாறு உன் வண்டியில இல்ல, என் பிரஷ்ல" என்றேன். அவன் வெட்டிக்கொண்டிருந்த துணியைக் கடைசிவரை வெட்டி முடித்தான். பிறகு வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஹார்னை ஒரு அமுக்கு அமுக்கினான், தெருவே திரும்பியது. "பெயின்ட் நல்லாத்தான் இருக்கு அத்தான்" என்றான். கழுத்தில் அளவு நாடாவோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டு, "எடுங்க, அக்காவப் பாக்கணும்" என்றான். வழியெல்லாம் ஹெட்லைட்டை எரியவிட்டேன், பட்டப்பகலில்.

குட்டிக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், மருமகனை நேரத்துக்குத் தூங்கச் சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். முக்கியமான ஒன்று, மாமாவிடம் பேசாதே என்று சொன்னேனே, அது தப்பு. இதைப் படித்து முடித்ததும் முதல் போன் அவனுக்குப் போடு, எனக்கு அப்புறம் போட்டால் போதும்.

உன் அப்பா,
நீல வண்டிக்காரன்