நீ கேட்ட புதன்கிழமை

என் அருமை மச்சான் சேகருக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது வாரத்தில் ஆறு நாளும் வேலை. பார்ட் டைம் மணியம் என்று இனி யாரும் என்னைக் கூப்பிட முடியாது. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் நல்ல செய்தி மாதிரியே இல்லை. நீ போய்ச் சேர்ந்ததால் வந்த ஆறு நாள் இது. எப்படி எழுதினாலும் அப்படித்தான் இருக்கும்.

பத்திரிகையில், நினைவஞ்சலிப் பக்கத்துக்கு உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். நாலு வரியில் அடங்குகிற விஷயமாக இருந்திருந்தால் நான் நேரில் போய் உன் மனைவி கலாவிடமே சொல்லியிருப்பேன். கலா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தப் பக்கத்தைப் படிப்பாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாதவன், உனக்குக் கடிதம் எழுதுகிற சாக்கில் அவளுக்கு எழுதுகிறேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள். பன்னிரண்டு வருஷம் நீயும் நானும் ஒரே தொழிற்சாலையில் டெக்னீஷியன்களாக நின்றோம். தொழிற்சாலை ஒரு நாள் வேறு நாட்டுக்குக் கிளம்பியது. நம்மைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அப்புறம் மலாக்கா டவுனில் ஒரு தவுக்கேயின், அதாவது முதலாளியின், ரிப்பேர் கடை. தானாகத் திறக்கும் ஆட்டோ கேட்டின் சர்க்யூட் போர்டு, வாஷிங் மெஷின் போர்டு, கோயில் ஆம்ப்ளிஃபையர், கல்யாண மண்டபத்து கரோக்கே செட். மத்தியானத்தில் இடி விழுந்தால் மறுநாள் மேசை நிறைந்துவிடும். மேசை ஒன்றுதான், அதற்கு நாம் இரண்டு பேர். திங்கள், செவ்வாய், புதன் உனக்கு. வியாழன், வெள்ளி, சனி எனக்கு.

தவுக்கேக்கு ஒரே சட்டம். ஒரு நாள்கூட மேசை காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு முழுநேர ஆள் ஒருவரைப் போட்டுக்கொள்வார். நமக்கு லீவு கிடையாது, உடம்புக்கு முடியாவிட்டால் எம்.சி.யும் கிடையாது. வர முடியாவிட்டால் மற்றவனை வரச் சொல்லி நாளை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷத்தில் நீ என்னிடம் அப்படி ஒரே ஒரு தரம்தான் கேட்டாய். நான் எத்தனை தரம் கேட்டேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. என் மனைவி மலருக்குக் காய்ச்சல், காடிக்கு டயர் பஞ்சர், மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தம் என்று எதற்கு இல்லை? எல்லாவற்றுக்கும் நீ சொன்ன பதில் ஒன்றுதான்: "போலே லா மச்சான், முடியும், நான் பாத்துக்கறேன்."

ஒரே மேசையில் வேலை பார்த்தும் நாம் சந்தித்துக்கொண்டது குறைவு. நம்முடைய பேச்செல்லாம் அந்த மஞ்சள் காகித டேப்பில்தான் நடந்தது. முடியாத போர்டின் மேல் ஒரு துண்டு ஒட்டி, என்ன பார்த்தோம், எதை மாற்றினோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போவோம். நான் 'ஃபியூஸ் மாற்றியது' என்று எழுதுவேன். நீ கதையே எழுதுவாய். 'இந்தப் போர்டுக்குள்ள பல்லி குடும்பம் நடத்தியிருக்கு, வாடகை வாங்கு' என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு வியாழக்கிழமை காலையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தவுக்கே எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய்.

"மச்சான், வர்ற புதன் நீ போறியா? வியாழன் நான் போறேன்."

"ஏன், என்னா விஷயம்?"

"சும்மாதான் லா. கொஞ்சம் வேலை இருக்கு."

அந்த 'சும்மாதான்' என்னை உறுத்தியது. ஏன் தெரியுமா? முந்தின வாரம்தான் தவுக்கே என்னிடம் ஒரு பேச்சைப் போட்டிருந்தார். பெரிய ஹோட்டல் ஒன்றின் போர்டெல்லாம் வியாழக்கிழமை வருகிறது, அந்த வேலை நிலைத்தால் ஒருவரை முழுநேரமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். இந்தச் சேகருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் வியாழக்கிழமையைக் கேட்கிறான் என்று என் புத்தி போனது. உன்னைப் பற்றி, மச்சான்! பல்லிக்கு வாடகை வாங்கச் சொன்னவனைப் பற்றி!

"முடியாது லா. புதன் எனக்கு வேற வேலை இருக்கு, சுசா, கஷ்டம்" என்றேன்.

நீ, "சரி பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்றாய். எனக்கு உதவும்போது சொல்கிற அதே வார்த்தை. அந்தப் புதன்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. நியாலாஸில் என் வீட்டு வாசலில் நின்று காடியைக் கழுவினேன். இரண்டு தரம் கழுவினேன்.

அதற்குப் பிறகு பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், தங்கா பத்துவில் உன் வீட்டில் பல் விளக்கப் போன நீ குளியலறை வாசலிலேயே விழுந்துவிட்டாய். நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது உன் மகள் யாழினி உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலா அழவில்லை. என்னைப் பார்த்ததும், "அண்ணே, நேத்து சாயந்திரம் நெஞ்சு எரியுதுன்னாரு. நான் வாய்வுன்னு நெனச்சிப் பூண்டு ரசம் வச்சிக் குடுத்தேன்" என்றாள். அன்று மட்டும் அதை ஏழெட்டுத் தரம் சொன்னாள்.

கருமாதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளே எனக்குப் போன் பண்ணினாள். அவள் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள், பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. "அண்ணே, எனக்குக் கோடி போடக் கூடப்பொறந்தவன் இல்ல. அவர் உங்கள மச்சான் மச்சான்னுதான் கூப்புடுவாரு. நீங்கதான் போடணும்" என்றாள். மலரும் நானும் டவுனுக்குப் போய் வெளிர் நீலத்தில் ஒரு சேலை எடுத்தோம். தாலி இறங்கிய அந்தப் பிள்ளையின் தோளில், அண்ணன் முறைக்கு நின்று, என் கையாலேயே அதைப் போட்டேன். என் காலில் விழுந்து எழுந்தாள். அப்போது எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உன்னிடம் ஒரு பொய் சொன்னேன் என்பது மட்டும்தான் தெரியும்.

மறுவாரம் தவுக்கே கூப்பிட்டார். இனி ஆறு நாளும் நீயே வா என்றார். அதோடு விட்டிருக்கலாம். பழைய கதையை எடுத்தார். கடைக்கு ஆள் வேண்டும் என்று அவர் முதலில் கூப்பிட்டது உன்னை மட்டும்தானாம். முழுநேர வேலை, ஆறு நாள். நீதான், என் கூட்டாளி ஒருவன் வீட்டில் சும்மா இருக்கிறான், மூன்று நாள் அவனுக்கு, மூன்று நாள் எனக்கு, சம்மதமென்றால் வருகிறேன் என்று நின்றாயாம். "இந்த மாதிரி கேட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் மச்சான் சொல்லவே இல்லை? இரண்டு வருஷம் என்னைப் பாதி ஆளாக்கிவிட்டார் என்று தவுக்கேயை உன்னிடமே திட்டினேனே, அப்போதாவது சொல்லக் கூடாதா? நான் தின்ற அரை வயிறும் நீ உன் தட்டிலிருந்து எடுத்து வைத்தது என்று தெரிந்திருந்தால், அந்த ஒரு புதன்கிழமையைக் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். என்னை நானே நம்பவில்லை.

அன்று சாயந்திரம் உன் பக்கத்து டிராயரைத் திறந்தேன். ஸ்க்ரூ டிரைவர்கள், பாதி டப்பா தைலம், யாழினியின் பள்ளிப்படம். அடியில் ஆஸ்பத்திரி அட்டை. இருதயப் பிரிவு. நெஞ்சில் கோளாறு இருப்பது உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. தவுக்கேக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், கலாவுக்குத் தெரிந்தால் தூக்கம் போய்விடும் என்று அட்டையைக் கடையிலேயே வைத்திருக்கிறாய். அதில் ஒரு தேதியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே வேறு தேதி எழுதியிருக்கிறார்கள். அடித்த தேதி அந்தப் புதன்கிழமை. நான் காடி கழுவிய புதன்கிழமை.

அன்றைக்கு நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டர் அல்ல நான், தெரியாது. ஒருவேளை மாத்திரை கொடுத்திருப்பார்கள், ஒருவேளை அங்கேயே படுக்க வைத்திருப்பார்கள். ஒரு போர்டு என்றால் திறந்து பார்த்து எங்கே எரிந்தது என்று சொல்லிவிடலாம். இதை எங்கே போய்ப் பார்ப்பேன்?

அட்டை கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. கலாவிடம் நான் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கடிதத்தின் பாரம். காலையில் நான் வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் அவள் போன் பண்ணுவாள். "பசியாறிட்டிங்களாண்ணே?" என்பாள். நாலு வார்த்தைக்குப் பிறகு பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். "ரசத்துக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா இருந்திருப்பாருல்லண்ணே?" நான், "உன் மேல ஒண்ணுமில்லம்மா" என்பேன். யார் மேல் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை ரசம் வைப்பதையே விட்டுவிட்டாள் என்று யாழினி சொன்னாள். நான் என்ன மனிதன், மச்சான்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். தொழிற்சாலையில் நம்மோடு டெஸ்ட் லைனில் நின்ற முருகையா போன மாதம் கூப்பிட்டான். எங்கேயும் வேலை அமையவில்லையாம். "ரெண்டு நாள் இருந்தாலும் போதும் லா மணியம், கேட்டுப் பாரேன்" என்றான். நீ செய்தது என்னவென்று அப்போது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், தவுக்கேயிடம் கேட்காமலே, "ஆள் வேணாம்னுட்டாரு லா" என்று சொல்லி வைத்துவிட்டேன். மலர் புதிதாக வாங்கிய அரிசிப் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இரண்டு வருஷமாகக் காணாத ஒரு நிம்மதி. அதைக் காரணமாகக் காட்டலாம். காட்டினால் நீ ஒத்துக்கொள்வாய், நீ அப்படிப்பட்டவன். எனக்குத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

உன் கடைசி டேப் ஒரு ஆட்டோ கேட் போர்டின் மேல் இருந்தது. 'சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. ரிலே எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. இன்னிக்கி எனக்குக் கண்ணு சரியில்ல, நீ பாரு மச்சான்.' மூன்று நாள் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் காலடியில் ஈயத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். மறுபடி ஈயம் வைத்ததும் ஓடியது. வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். டேப்பை மட்டும் உரித்து மேசை ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். கண் சரியில்லை என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, உனக்கு வயசாகிவிட்டது என்று கிண்டலாகக் கீழே எழுதியவனும் நான்தான்.

அட்டையில் அடித்த தேதிக்குக் கீழே இன்னொரு தேதி இருக்கிறது என்றேனே, அது வருகிற புதன்கிழமை.

நேற்றே தவுக்கேயிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை நான் வர மாட்டேன், என் இடத்துக்கு வேறு ஆளும் வராது, மேசை காலியாகத்தான் இருக்கும் என்றேன். முறைத்தார். என்ன முடிவு செய்வாரோ தெரியாது. முருகையாவுக்கு மூன்று நாளை விட்டுக்கொடுப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. கொடுத்துவிட்டு மீறினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஒரு நாளைக்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன்.

கலா, இதை நீ படித்திருப்பாய். உன் ரசத்தில் ஒன்றுமில்லை அம்மா. புதன்கிழமை காலையில் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு தங்கா பத்துக்கு வருவேன். நீ கதவைத் திறக்காவிட்டாலும் சாயந்திரம் வரைக்கும் வாசலில் நிற்பேன்.

மச்சான், நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு புதன்கிழமை. இதோ தருகிறேன், வாங்கிக்கொள்ளத்தான் நீ இல்லை.

கலாவுக்குக் கோடி போட்ட அண்ணன்,
அவள் வேண்டாம் என்று சொல்லும் வரைக்கும் உன் மச்சான்,
மணியம்
நியாலாஸ்