பரம்புக்காட்டில் ஒரு சின்னக் குழி

கடம்பூர்,
5.2.2024

அன்புள்ள அத்தானுக்கு,

விஜி எழுதுவது. பிரிந்து மூன்று வருடமாகியும் எனக்கு இப்படித்தான் தொடங்க வருகிறது. முட்டிவலி தேவலையா?

நம் பரம்புக்காட்டை, அந்தத் தரிசு மேடு முழுவதையும், ராணுவம் துப்பாக்கி சுடுதளத்துக்கு எடுத்துவிட்டது. இசக்கியைப் புதைத்த இடத்துக்குப் போனேன், விடவில்லை. காவலுக்கு நிற்கிற செல்லத்துரை அண்ணாச்சி சொன்னார்: “உள்ள உள்ள பழைய எடத்தையெல்லாம் பட்டியல் எடுக்காவ. அதுல இருந்தா வருசத்துல ஒருநா விடுவாவ. இல்லன்னா டோசர் வச்சு நெரவிருவாவ. பட்டியல் எழுதுததே ஒம் மாப்பிள்ளதானம்மா.”

நம் பிள்ளையின் குழியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
விஜி

கோவில்பட்டி,
19.2.2024

விஜிக்கு,

நூறு வருடம் தாண்டியவைதான் பட்டியலில் ஏறும். கோயில், நடுகல், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழி. இசக்கி போய் ஐந்து வருடம்தான் ஆகிறது.

காய்ச்சலில் கிடந்த நாலு வயதுப் பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனவள், இப்போது குழியைக் காக்க வந்திருக்கிறாய். நீ எனக்குச் செய்ய வேண்டியது விவாகரத்துப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

பேச்சிராஜா

கடம்பூர்,
27.2.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் போனது குற்றம்தான். அதை நான் மறந்த நாளில்லை.

குழி வெட்டும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டியது. “தாழி கெடக்கு, தள்ளி வெட்டுங்க” என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தத் தாழியை எழுதுங்கள். அதற்கு வேலி போட்டால் பக்கத்தில் கிடக்கிறவளும் உள்ளே வந்துவிடுவாள்.

நீங்கள் முன்பே அனுப்பியிருந்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

விஜி

கோவில்பட்டி,
8.4.2024

விஜிக்கு,

பத்திரம் கிடைத்தது. நீ சொன்ன இடத்தில் பதினொரு தாழிகள் இருந்தன. கர்னல் எனக்குக் கைகொடுத்துப் பாராட்டினார். சுற்றிலும் வேலி போட்டாயிற்று.

பழைய இடத்துக்குள் புதிய புதைப்பு இருக்கக் கூடாது என்று விதி. உன் கடிதம் வந்தபோதே எனக்கு அது தெரியும். போன செவ்வாய்க்கிழமை இசக்கியின் குழியைத் தோண்டி எடுத்தார்கள். படிவத்தில் உரிமை கோருவோர் என்ற இடத்தில் ‘எவருமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வருடத்தில் ஒருநாள் பொதுமக்களை விடுவார்கள். வந்தால் தாழிகளைப் பார்க்கலாம்.

பேச்சிராஜா

கடம்பூர்,
2.7.2024

பேச்சிராஜா அவர்களுக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை.

செல்லத்துரை அண்ணாச்சியைக் கேட்டேன். “மண்ணோட சேத்து லாரில அள்ளுனாவ. மேக்க போச்சு. எங்க தட்டுனாவன்னு தெரியலயேம்மா” என்றார். கயத்தாறு வரைக்கும் நடந்து பார்த்தேன். எல்லாம் உழுது போட்ட கரிசல். எது எந்த மண் என்று தெரியவில்லை.

உங்களிடம் வேறு எதுவும் கேட்க மாட்டேன். லாரி அந்த மண்ணை எங்கே கொட்டியது என்று மட்டும் எழுதுங்கள்.

விஜி,
இசக்கியின் அம்மா