மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நீதம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என்னை உங்களுக்குத் தெரியாது. கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். கணவர் இறந்து ஆறு வருடம்.

மருந்துக்கடை வைத்திருக்கும் உங்கள் வீட்டுக்காரர் ஒரே மூக்குக்கண்ணாடியை மூன்று முறை பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். மூன்றாம் முறை அதில் ஒரு பழுதும் இல்லை. என்னை இரண்டாவதாக நிக்காஹ் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். நீங்கள் தீராத நோயாளியாம், மனமுவந்து சம்மதித்துவிட்டீர்களாம்.

மார்க்கத்தில் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. என்னைப் போன்ற விதவைகளை நினைத்துத்தான் குர்ஆனில் அந்த வசனமே இறங்கியது என்கிறார்கள். ஆனாலும் அந்தச் சம்மதத்தை உங்கள் கையெழுத்தில் பார்க்க ஆசைப்படுகிறேன். போனில் பேசினால் இருவரில் ஒருவர் அழுதுவிடுவோம். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைத் தங்கை

மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உடம்பு குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். நேற்று பதினொரு பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு பேர் மரத்தில் மோதப் பார்த்தார்கள், அப்போதும் நான் மயங்கி விழவில்லை.

உன் கடிதத்தைக் காலையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார், விக்கினார். தண்ணீர் கொடுத்தேன்.

"மார்க்கம் அனுமதிக்குதுல்ல?" என்றார்.

"அனுமதிக்குது. நீதமா நடக்க முடியாதுன்னு பயந்தா ஒருத்தியோட நிறுத்திக்கன்னும் அதே வசனத்துல இருக்கு. அந்த இடம் வந்தா மட்டும் உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

"நான் நீதமா நடப்பேன்" என்று நெஞ்சைத் தட்டினார்.

பார்த்துவிடலாம் என்று அடுப்பை மாடிக்கு ஏற்றிவிட்டேன். கீழே என் மாமியார், மேலே நான். இரண்டு வாரம் அம்மாவுக்கும் மனைவிக்கும் நேரம், சாப்பாடு, பேச்சு எல்லாம் அவர் சரிசமமாக நடத்திக் காட்ட வேண்டும். "எனக்கும் பொழுது போகணும்ல" என்று மாமியார் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குச் சம்மதம் இல்லை, தங்கச்சி. கோபம் உன் மேல் இல்லை. அழவில்லை என்று எழுதினால் அது பொய்.

அன்புடன்,
நோயாளி அக்கா

மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

இரண்டு வாரம் தேவைப்படவில்லை. யார் மனமும் நோகக்கூடாதென்று இரண்டு வீட்டிலும் வயிறு முட்டச் சாப்பிட்டார். மூன்றாம் நாளே தன் கடையிலிருந்து தனக்கே அஜீரண மாத்திரை கொண்டுவந்தார். ஐந்தாம் நாள் மாமியார் பிடித்துக்கொண்டார்: "மேல அரைமணி நேரம் சிரிப்புச் சத்தம். இங்க வந்து இருபது நிமிஷமும் கொட்டாவி. இதான் உன் நீதமா?"

எட்டாம் நாள் தட்டோடு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். மாமியார் எட்டிப் பார்த்து, "ஒரு படி மேல தள்ளி உக்காந்திருக்கான் பாரு!" என்றார்.

"பெத்தவளுக்கும் கட்டுனவளுக்கும் நடுவுலயே முடியல. என்னை விட்டுருங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

நிக்காஹ் வேண்டாமென்று உன்னிடம் அவரே வந்து சொல்வார். என்னை நோயாளியாக்கிய பொய்யை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. தினமும் கேட்கிறார். கேட்கட்டும்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தார். வாசலிலேயே நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். பாவமாக இருந்தது. அவர் வாய் திறக்கும் முன் நானே, "எனக்கு இதுல இஷ்டம் இல்லைங்க" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல அவ்வளவு சத்தம்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தவள்தான், அந்தச் சத்தத்தில் கொஞ்சம் நொந்துபோனேன். மேடை போட்டு இந்த இரண்டாவது நிக்காஹ் பற்றி விவாதிக்கிறார்கள். கூடும் என்று ஒருவர், கூடாது என்று ஒருவர். ஆறு வருடத்தில் ஒரே ஒரு ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது என்று எந்த மேடையில் போய்ச் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல முடிகிறது. வேடிக்கைதான்.

இன்னொரு கல்யாணம் செய்யமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் "சரி" என்று சொன்னதற்கு ஒருவர் அதே சத்தத்தில் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் வந்தால் உங்களுக்குத்தான் முதலில் எழுதுவேன். வராவிட்டாலும் எழுதுவேன்.

உங்கள்
தங்கை