யார் யார் உபயோகிப்பீர்கள்?

9-10-2005, ஞாயிறு

இன்றும் நீலா பேசிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரில் படம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, கண் பாதி மூடியபடி. அமெரிக்காவில் என் பெண் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பாள், எனக்குத்தான் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். எனக்கு விசா கிடைக்கவில்லை. காலையில் எல்லோரும் கிளம்பியபின் கம்ப்யூட்டரில் பேசுவதற்கான அந்த மஞ்சள் மூஞ்சிப் படத்தை அமுக்கி அவளைப் பார்த்து, இதைச் சாப்பிடு, அதைத் தூக்காதே என்று சொல்வதுதான் என்னால் ஆனது.

"ஹார்ட் டிஸ்க் ரொம்பிடுச்சு அத்தை, கடகடன்னு சத்தம் வேற. நானே புதுசு மாத்திடறேன்" என்றாள் விஜயா. பத்மநாபன், "ஆளைக் கூப்பிடலாமே" என்றான். "அப்ப ஸ்கூல்ல பசங்களுக்கு நான் சமையலா சொல்லித் தர்றேன்?" என்றாள். என் பிள்ளை பேப்பருக்குள் போய்விட்டான்.

ஐந்தாவதோடு நின்றவளுக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் மருமகள். எதிர் வீட்டு லூர்துமேரியிடம் இன்றைக்கும் சொன்னேன்.

11-10, செவ்வாய்

சரஸ்வதி பூஜை. புது டிஸ்க்கைப் புத்தகங்களோடு வைத்தோம். சோப்பு டப்பா அளவுதான், நல்ல கனம். நான் குங்குமம் வைக்கப் போனேன். "வைங்க அத்தை, ஆனா இந்தச் சின்ன ஓட்டை மேல மட்டும் நக்கோ. அது மூச்சு விடற இடம்" என்றாள் விஜயா. செகந்திராபாத்தில் பிறந்தவள், வேண்டாம் என்பதற்கு நக்கோ இல்லாமல் அவளுக்குப் பேச வராது. தள்ளி ஓர் ஓரமாக வைத்தேன்.

12-10, புதன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைப் பிரித்தாள். முதலில் புதுசைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. பழையதும் புதியதும் நான்தான் மூத்தவன், நான்தான் மூத்தவன் என்று நிற்கிறதாம். பின்பக்கம் இருந்த பொடிக் கிளிப்பைப் பிடுங்கி மாற்றிச் செருகினாள். புதுசு மூத்தவன் ஆயிற்று, பழசு இளையவன். அப்புறம் சி.டி. போட்டாள். அது பாட்டுக்கு நூறு வரை எண்ணிக்கொண்டு போயிற்று.

கடைசியில், யார் யார் உபயோகிப்பீர்கள் என்று பேர் கேட்டதாம். ஐந்து இடம் இருந்ததாம். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

13-10, வியாழன்

எல்லோரும் போனபிறகு போட்டேன். மூன்று பேர் வந்தது, பக்கத்தில் வாத்து, பந்து, பூ என்று படம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். பத்மநாபன். விஜயகுமாரி. பேத்தி அக்ஷதா. அவ்வளவுதான். என் பேர் எனக்கு இங்கிலீஷில் தெரியும். அவர் போனபின் பென்ஷன் கையெழுத்துக்காகப் பழகியது. அது அங்கே இல்லை.

எதை அமுக்கினாலும் பாஸ்வேர்டு கேட்கிறது. கீழே கெஸ்ட் என்று ஒன்று. "அதுல போங்க அத்தை" என்று விஜயா பஸ்ஸுக்கு ஓடும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போனேன். மஞ்சள் மூஞ்சி இல்லை. வெறும் பச்சைப் புல்லும் ஆகாசமும்.

சாயங்காலம் அக்ஷதாவிடம் கெஸ்ட் என்றால் யார் என்று கேட்டேன். "இண்டிகி வச்சே சுட்டாலு, பாட்டி" என்றாள் தெலுங்கில், செல்போனைப் பார்த்துக்கொண்டே. வீட்டுக்கு வந்து போகிற விருந்தாளி.

14-10, வெள்ளி

இன்று கம்ப்யூட்டரைப் போடவில்லை.

17-10, திங்கள்

"நீலாகிட்ட பேசலையாம்மா?" என்றான் பத்மநாபன். கண்வலி என்றேன். சாயங்காலம் அவளே போன் பண்ணினாள். கோபமா என்று கேட்டாள். அவளிடமும் கண்வலிதான்.

19-10, புதன்

ஐந்து இடத்தில் ரெண்டு காலியா இருந்திருக்கு. காலியா! யாரு வரப்போறான்னு வச்சிருக்கா? இந்த வீட்டுக்கு நிலை வைக்கையில நின்னவ நான். பால் காய்ச்சினவ நான். வாசலில் பேர்ப்பலகையில் நான் இல்லை, சரி, அது ஆம்பிளைங்க பேர் போடற இடம். இதுல என்ன?

லூர்துமேரி, "வாயைத் திறந்து கேளுக்கா. மருமக என்ன கடிச்சா தின்னுடுவா?" என்றாள். கேட்டு வாங்குவது ஓர் இடமா?

21-10, வெள்ளி

காலையில் மாப்பிள்ளை சிவஞானம் போன். நீலாவுக்குக் கால் வீங்கி ரத்த அழுத்தமாம். படுத்தே இருக்க வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். "பயந்து அழறா. உங்க முகத்தைப் பாக்கணுமாம். கொஞ்சம் கம்ப்யூட்டர்ல வாங்க அத்தை."

வீட்டில் யாருமில்லை. அந்த மூன்று பேருக்கு முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நிற்பது? விஜயாவின் செல்லுக்கு அடித்தேன். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"பாஸ்வேர்டு சொல்லு. நீலா படுத்திருக்காளாம்."

"ஐயோ. சரி, என் பேர் மேல அமுக்குங்க அத்தை. வந்து… அது…"

"என்னடி, எங்கிட்டயும் ரகசியமா?"

"இல்ல அத்தை… எழுத்து எழுத்தா சொல்றேன், அடிங்க. கே. ஏ. என். ஏ."

தேடித் தேடித் தட்டினேன். புள்ளி புள்ளியாக விழுந்தது.

"கே. ஏ."

என் விரல் நின்றது. "மீதி எனக்குத் தெரியும்" என்று போனை வைத்தேன். பென்ஷன் ஆபீசில் போடுகிற மாதிரியே அடித்தேன். திறந்தது.

நீலா படம் நிற்கவே இல்லை. "கண்வலி போச்சாம்மா?" என்றாள். போச்சுடி என்றேன். அவள் தூங்கும்வரை இருந்தேன்.

சாயங்காலம் விஜயா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீலா எப்படி இருக்கா?" என்றாள். சொன்னேன். அப்புறம் கேட்டேன். "பேர் கேட்டப்ப எனக்கு ஏன் இடம் போடலை?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் பேர் முதல்ல, என் பேர் ரெண்டாவது. அதுக்கெல்லாம் கீழ உங்க பேரா? பக்கத்துல வாத்துப் படம் வேற. எல்லாரும் அம்புக்குறி வச்சு அது மேல அமுக்குவாங்க. கை வரலை அத்தை. மஞ்சள் மூஞ்சி கெஸ்ட்ல இருக்காதுங்கறது எனக்குத் தோணவே இல்லை."

"அப்ப பாஸ்வேர்டுல மட்டும்?"

"அது வெளியில தெரியாதே. என் வாயால வராத பேர், எந்தப் பசங்களும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

காபி போட்டுக் கொடுத்தேன்.

22-10, சனி

காலியிடத்தில் என் பேரையும் சேர்க்கிறேன், எல்லோருக்கும் மேலே வர வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்றாள். வேண்டாம், உன்னதிலேயே போகிறேன் என்றேன்.

8-11, செவ்வாய்

நீலாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். கம்ப்யூட்டரில் பார்த்தேன், என் மூக்கு.

அக்ஷதா பக்கத்தில் உட்கார்ந்து பொருமுகிறாள். "மம்மி பாஸ்வேர்டு பாட்டிக்கு மட்டும் எப்படித் தெரியும்? டாடி பேர் போட்டேன், என் பேர் போட்டேன், தாத்தா பேர்கூடப் போட்டேன்." விஜயாவைப் போய்க் கேள் என்றேன். போய்க் கேட்டாள்.

அவள் எங்கே சொல்லப்போகிறாள்?